சுருக்குப்பைச் சுண்ணாம்பும் 129 ரூபாய் டாக்கோவும்

முதல் சம்பளம் கைக்கு வந்தால் என்ன செய்வோம்? அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்குச் சட்டை, குலசாமி உண்டியலில் கொஞ்சம். மிச்சம் இருந்தால், எல்லோரையும் ஒரு நல்ல ஹோட்டலுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை ஒட்டிய சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த பெண்ணும் அப்படித்தான் நினைத்தாள். அவள் பெயர் இங்கே வேண்டாம். ஊரை மாற்றி, கடையை மாற்றிப் பார்த்தால் இது பல வீடுகளில் நடந்த கதைதான்.

அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். மலைக்குக் கீழே காலணி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. நான்கு பெண்களோடு சேர்ந்து வாடகை அறையில் தங்கியிருந்தாள். சம்பளம் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, ஆயா, பத்தாம் வகுப்புப் படிக்கும் தம்பி என நான்கு பேரையும் பஸ் ஏறி வரச் சொல்லிவிட்டாள்.

"பிரியாணியே போதுமே கண்ணு, எதுக்கு வீண் செலவு?" என்றார் அப்பா.

தம்பிதான் ஒத்துக்கொள்ளவில்லை. செல்போனில் தினமும் பார்க்கிற ரீல்ஸில் சீஸ் நூல் நூலாக இழுபடுகிறது. மொறுமொறுவென்று ஏதோ உடைகிறது. பார்க்கிறபோதே எச்சில் ஊறுகிறது. ஊருக்குள் புதிதாக ஒரு மெக்சிகன் கடை திறந்திருந்தது. வாசலில் பெரிய தொப்பி, முள்செடி, மீசைக்காரர் படம். கீழே, '129 ரூபாய் முதல்'.

விலையைப் பார்த்ததும் அவளுக்கும் தைரியம் வந்தது. ஐந்து பேரும் உள்ளே போனார்கள்.

மெனு கார்டை வாங்கிய அப்பா, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மகளிடமே கொடுத்துவிட்டார். டாக்கோ இரண்டு தட்டு, பரிட்டோ ஒன்று, நாச்சோஸ் ஒன்று, 'மெக்சிகன் ரைஸ் பவுல்' ஒன்று, பச்சை நிற மொஹிட்டோ மூன்று. ஆர்டர் கொடுத்த பத்தாவது நிமிடத்தில் எல்லாம் மேஜைக்கு வந்துவிட்டது.

டாக்கோ என்று வந்தது, மைதா சப்பாத்தியை மடித்து உள்ளே கோஸும் மயோனைஸும் வைத்த ஒன்று. பரிட்டோவும் அதே சப்பாத்திதான். மடிப்பதற்குப் பதில் சுருட்டியிருந்தார்கள். நாச்சோஸ் பாக்கெட்டிலிருந்து கொட்டியது. மேலே ஊற்றிய மஞ்சள் சீஸ் ஆறி ஏடு கட்டியிருந்தது. ரைஸ் பவுல், தக்காளி சாஸ் போட்டுக் கிளறிய சோறு. எல்லாவற்றிலும் ஒரே சாஸ், ஒரே இனிப்பு, ஒரே புளிப்பு.

ஆயா ஒரு வாய் கடித்தார். கொஞ்ச நேரம் மென்றார். பிறகு தட்டைப் பேரன் பக்கம் நகர்த்தினார். "எனக்குப் பசியில்ல. நீ சாப்பிடு."

காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிய ஆயாவுக்குப் பகல் ஒரு மணிக்குப் பசியில்லையாம்.

பில் 922 ரூபாய். ஜி.எஸ்.டி. சேர்த்து 968. மகளுடைய ஏறக்குறைய இரண்டு நாள் சம்பளம். வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "நல்லாத்தாம்மா இருந்துச்சு."

அந்த 'தான்' என்ற இரண்டு எழுத்து அவளைக் குத்தியது. நன்றாக இருந்தால் 'நல்லா இருந்துச்சு' என்று சொல்லியிருப்பார்.

மலிவு குற்றமா?

இப்படி ஏமாந்து வெளியே வருகிறபோது நமக்கு உடனே வருகிற சமாதானம் ஒன்று உண்டு. 'கொடுத்த காசுக்கு இவ்வளவுதான் கிடைக்கும்.' கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால், அது சரியில்லை.

மெக்சிகோவில் டாக்கோ என்பது பணக்காரர்கள் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டமே இல்லை. தெருவோரத்தில் தள்ளுவண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, வேலைக்குப் போகிறவர்கள் அவசரமாகச் சாப்பிடுகிற உணவு. நம் ஊர் கையேந்தி பவன் மாதிரி. உள்ளங்கை அளவு சோள ரொட்டி, அதன் மேல் கொஞ்சம் இறைச்சியோ பீன்ஸோ, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லித் தழை, ஒரு துண்டு எலுமிச்சை, காரமான துவையல். அவ்வளவுதான். அதுவும் மலிவுதான். அதை உலகமே கொண்டாடுகிறது. மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை 2010-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்துகளில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

ஆக, மலிவு குற்றவாளி இல்லை. மைதாவும் குற்றவாளி இல்லை. மெக்சிகோவின் வடபகுதியில் கோதுமை ரொட்டிதான் அதிகம்; பரிட்டோ அந்தப் பக்கத்துப் பண்டம்தான். மயோனைஸைக்கூட மொத்தமாகக் குறை சொல்ல முடியாது. அங்கே தெருவில் விற்கிற சோளக்கதிர் மேல் அதைத் தடவித் தருகிறார்கள்.

அப்படியானால் அந்த மேஜையில் இல்லாமல் போனது எது? அதைச் சொல்ல, மெக்சிகோக்காரர்களின் அடுப்படிக்குள் ஒரு நிமிடம் போய் வரவேண்டும்.

ஊறவைக்கிற ராத்திரி

நமக்கு அரிசி எப்படியோ அப்படி அவர்களுக்கு மக்காச்சோளம். அந்தச் செடியைக் காட்டுப் புல்லிலிருந்து பயிராக மாற்றியதே அந்த மண்ணின் பழங்குடி மக்கள்தான். ஆனால், காய்ந்த சோளத்தை அப்படியே அரைத்து ரொட்டி தட்டமாட்டார்கள்.

முதலில் சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைப்பார்கள். அடுப்பை அணைத்து, ராத்திரி முழுக்க அப்படியே ஊறவிடுவார்கள். காலையில் சோளத்தின் தோல் வழுவழுவென்று கழன்று வரும். நன்றாக அலசி, கல்லில் வைத்து அரைத்தால் மாவு பசை போல் சேர்ந்து வரும். அதை உருண்டை பிடித்து, வட்டமாகத் தட்டி, மண்ணால் செய்த தட்டையான கல்லில் போட்டு எடுப்பார்கள். அந்த ரொட்டிக்குப் பெயர் டார்ட்டியா.

மாவு அரைக்கிற கல்லின் பெயர் மெட்டாட்டே. படம் பார்த்தால், 'அட, நம்ம அம்மி!' என்பீர்கள். துவையல் அரைக்க எரிமலைக் கல்லில் குடைந்த சிறிய உரல் ஒன்றும் உண்டு. சோள மாவுக்குள் பூரணம் வைத்து, சோள மட்டையில் சுற்றி ஆவியில் வேகவைப்பதற்குப் பெயர் தமால். நம் இலைக் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் போல இருக்கும்.

இப்படிச் சுண்ணாம்பில் பக்குவப்படுத்திய சோளத்துக்கு நிக்ஸ்டமால் என்று பெயர். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய வழக்கம். இதனால் மூன்று நன்மைகள். ஒன்று, மாவு உதிராமல் ஒட்டிக்கொள்ளும். வெறும் சோள மாவில் ரொட்டி தட்டிப் பார்த்தவர்களுக்கு அது எப்படிப் பிய்ந்து போகும் என்று தெரியும். இரண்டு, தனி வாசனை வரும். டார்ட்டியாவைத் தட்டில் வைத்தவுடன் வருகிற வாசம் அந்தச் சுண்ணாம்பு தந்தது. மூன்று, சத்து. சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமின் நம் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கும். சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. கூடவே கால்சியமும் சேர்கிறது.

தானியம் போனது, பக்குவம் போகவில்லை

மூன்றாவது நன்மையின் அருமை தெரிய, உலகம் பெரிய விலை கொடுத்தது.

1492-ல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையைத் தொட்ட பிறகு, ஐரோப்பியர்கள் மக்காச்சோளத்தைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். நன்றாக விளைந்தது. விலையும் குறைவு. ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் ஏழை விவசாயிகள் மூன்று வேளையும் சோளக் கஞ்சியையே குடிக்கத் தொடங்கினார்கள்.

கொஞ்ச காலத்தில் ஒரு விநோத நோய் பரவியது. வெயில் பட்ட இடமெல்லாம் தோல் தடித்து உரியும். வயிற்றுப்போக்கு நிற்காது. முற்றினால் புத்தி பேதலிக்கும், உயிரும் போகும். 1735-ல் ஸ்பெயின் மருத்துவர் ஒருவர் இதை முதலில் விவரித்து எழுதினார். பிறகு அதற்கு பெல்லாக்ரா என்று பெயர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் ஏழைகள் கூட்டம் கூட்டமாக இதற்குப் பலியானார்கள். தொற்றுநோய் என்றே பலர் நம்பினார்கள். ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர்தான், 'கிருமி இல்லை, சாப்பாட்டில்தான் குறை' என்று அடித்துச் சொன்னார். அந்தக் குறை நியாசின்தான் என்பது 1937-ல் உறுதியானது.

அதே சோளத்தைத்தான் மெக்சிகோக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டார்கள். அவர்களை இந்த நோய் அப்படி வாட்டவில்லை. ஏன்? அவர்கள் ராத்திரி சுண்ணாம்பில் ஊறவைத்தார்கள். ஐரோப்பியர்கள் தானியத்தை மட்டும் கப்பலில் ஏற்றினார்கள். அடுப்படியில் இருந்த பெண்களிடம் 'இதை எப்படிச் சமைக்கிறீர்கள்?' என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேஜையில் நடந்ததும் இதன் சின்ன வடிவம்தான். தொப்பி வந்திருக்கிறது, மீசை வந்திருக்கிறது, பெயர் வந்திருக்கிறது. பக்குவம் மட்டும் வரவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பஸ் ஆலங்காயம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஆயா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். ஒரு வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சின்ன டப்பாவில் சுண்ணாம்பு. விரல் நுனியில் தொட்டு வெற்றிலை முதுகில் தடவினார். அந்தக் கடையின் அடுப்படியில் இல்லாத அந்த ஒரு பொருள், கடைக்குள் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் திரும்பியிருந்தது.

'இருப்பதை வைத்து' செய்த நாச்சோஸ்

'அப்படியென்றால் அசல் மெக்சிகோ முறையில் செய்தால்தான் சாப்பாடா? நம் ஊரில் கிடைப்பதைப் போட்டுச் செய்தால் தப்பா?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்குப் பதிலாக நாச்சோஸ் பிறந்த கதையையே சொல்லலாம்.

1943-ம் ஆண்டு. அமெரிக்க எல்லையை ஒட்டிய மெக்சிகோ நகரம் பியெத்ராஸ் நெக்ராஸ். அங்கே ஓர் உணவகத்துக்கு அமெரிக்க ராணுவத்தினரின் மனைவிமார் சிலர் பசியோடு வந்தார்கள். சமையல்காரர் அங்கே இல்லை. இக்னாசியோ அனாயா என்ற ஊழியர், 'கடை இல்லை' என்று திருப்பி அனுப்பவில்லை. உள்ளே போனார். இருந்த டார்ட்டியாவைத் துண்டு போட்டுப் பொரித்தார். மேலே சீஸைத் துருவிப் போட்டுச் சூட்டில் உருகவிட்டார். ஹலபென்யோ மிளகாயை நறுக்கி ஒவ்வொரு துண்டின் மேலும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இக்னாசியோ என்ற பெயரைச் சுருக்கி 'நாச்சோ' என்று கூப்பிடுவார்கள். பண்டத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவரும் இருப்பதை வைத்துத்தான் செய்தார். ஐந்து, பத்து நிமிட வேலைதான். ஆனால், வந்தவர்கள் பசியோடு இருக்கிறார்கள் என்று நினைத்துச் செய்தார். சுடச்சுடக் கொடுத்தார். திடீரென்று விருந்தாளி வந்தால் அம்மாக்கள் வெங்காயத்தையும் கடலை மாவையும் வைத்துச் சமாளிப்பார்களே, அதே மாதிரி. அசலா நகலா என்பது இரண்டாம் பட்சம். ஆறிப்போன சீஸை ஊற்றி நீட்டாமல் இருந்தாரா என்பதுதான் முதல் பட்சம்.

மெக்சிகோ நம் கொல்லைப்புறத்தில்

இருப்பதை வைத்துச் செய்வதென்றால், நம்மிடம் இருப்பது கொஞ்சமா?

காரம் என்றாலே நமக்கு மிளகாய். அது மெக்சிகோவிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. அதற்கு முன் நம் ஊர்க் காரம் மிளகுதான். தக்காளியும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். 'டொமேட்டோ' என்ற சொல்லே மெக்சிகோவின் நவாட்டில் மொழியில் உள்ள 'தொமாட்டில்' என்பதிலிருந்து வந்தது. சப்போட்டாவின் பெயருக்கும் அதே மொழிதான் தாய்வீடு. கொய்யா, பப்பாளி, சீத்தாப்பழம் எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டவை.

வேலியோரம் கிடக்கிற சப்பாத்திக் கள்ளியைக் கவனித்திருப்பீர்கள். மெக்சிகோ நாட்டுக் கொடியில் கழுகு உட்கார்ந்திருக்கிறதே, அது இந்தக் கள்ளி இனத்தின் மேல்தான். அங்கே முள்ளைச் சீவி எடுத்துவிட்டு அந்த மட்டையைக் காய்கறி போலச் சமைக்கிறார்கள். பூஜைக்கும் பந்தலுக்கும் மாலை கட்டுகிற செண்டுமல்லியும் மெக்சிகோ பூதான். இறந்தவர்களை நினைத்துக் கும்பிடும் நாளில் அங்கே அதைத்தான் குவிக்கிறார்கள்.

ஏன், நாம் சாப்பிடுகிற சப்பாத்தியிலேயே மெக்சிகோ இருக்கிறது. பஞ்சமும் பற்றாக்குறையும் வாட்டிய 1966-ல், இந்தியா மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையை இறக்குமதி செய்தது. நார்மன் போர்லாக் அங்கே உருவாக்கிய ரகங்கள் அவை. நம் எம்.எஸ்.சுவாமிநாதனும் மற்ற விஞ்ஞானிகளும் அவற்றை நம் மண்ணுக்கும் நாக்குக்கும் ஏற்ப மாற்றினார்கள். இங்கே பொருளும் வந்தது. அதை வளர்க்கிற அறிவும் கூடவே வந்தது. அதனால்தான் அது நிலைத்தது.

மெக்சிகோ சாப்பாட்டில் புகழ்பெற்ற பச்சைத் துவையல் ஒன்று உண்டு, குவாக்காமோலே. வெண்ணெய்ப் பழம் எனப்படும் அவகேடோவை மசித்துச் செய்வது. அந்தப் பழம் பழனி மலையின் கீழ்ச் சரிவுகளிலும் ஏற்காட்டிலும் விளைகிறது. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி.-1 என்று தனி ரகமே தந்திருக்கிறது. ஆனால், பழம் விலை அதிகம்; வெட்டினால் சீக்கிரம் கறுத்துவிடும். 129 ரூபாய் கடையில் அதன் இடத்தை மயோனைஸ் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

சாமைக்கும் இதே கதை

இப்போது மறுபடி ஜவ்வாது மலைக்கு.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு நிற்கிற மலை இது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சுற்றுலா வருகிறவர்களுக்குப் பீமன் அருவியும், காவலூர் வானியல் ஆய்வகமும் தெரியும். மலையாளி எனப்படும் பழங்குடி மக்களின் ஊர் இது. கேரளத்து மலையாளம் இல்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள். பேசுவது தமிழ். இவர்கள் சரிவு நிலங்களில் வானம் பார்த்து விதைக்கிற தானியம் சாமை.

சாமையும் சும்மா வாய்க்குள் போகாது. சின்னஞ்சிறு மணி, மேலே கெட்டித் தோல். உரலில் போட்டுக் குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், கல் அரிக்க வேண்டும். அதிகமாகத் தீட்டினால் வெள்ளையாக, அழகாக இருக்கும்; தவிட்டோடு சத்தும் போய்விடும். குறைவாகத் தீட்டினால் தொண்டையில் உறுத்தும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பது ஆயாவின் கைக்குத் தெரியும். அதுதான் பக்குவம்.

ஐ.நா. சபை 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, நகரத்து ஹோட்டல்களில் சாமைப் பொங்கலும் சாமைப் பாயசமும் மெனுவுக்கு வந்தன. ஆனால், அந்த மலை வீட்டிலேயே சாமைக்கு மரியாதை குறைந்து வந்தது. ரேஷன் அரிசிச் சோறு சுலபம். அதுதான் 'நாகரிகம்' என்ற நினைப்பு வேறு.

நம் கதைப் பெண்ணுக்கும் அதில் ஒரு காயம் உண்டு. கல்லூரி விடுதிக்குப் போன முதல் மாதம், அம்மா கட்டிக் கொடுத்த சாமைச் சோற்றைத் திறந்தாள். பக்கத்திலிருந்த தோழி, "இது என்னடி, குருவிக்குப் போடுறதா?" என்று கேட்டுச் சிரித்தாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. தெரியாமல் கேட்டதுதான். ஆனால், அதற்குப் பிறகு அவள் டப்பாவில் சாமை வந்ததில்லை. அம்மா கேட்டபோது, "அங்க சோறு நல்லாப் போடுறாங்கம்மா" என்று சொல்லிவிட்டாள்.

பாருங்கள், எங்கோ கடல் தாண்டி இருக்கிற பழங்குடி மக்கள் கண்டுபிடித்த சாப்பாட்டின் மோசமான நகலுக்கு 968 ரூபாய். தன் வீட்டுப் பழங்குடிச் சாப்பாட்டின் அசலுக்கு வெட்கம். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் யோசித்துக்கொண்டு வந்தது இதைத்தான். பில் தொகையைக் கூட அவள் பெரிதாக நினைக்கவில்லை. ஆயா பசியோடு திரும்பியதும், அப்பா மகளுக்காக ஒரு பொய் சொன்னதும்தான் உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த முறை போகும்போது

இதனால் புதுச் சாப்பாடே வேண்டாம் என்று கதவைச் சாத்த வேண்டியதில்லை. மிளகாயை நம் முன்னோர் அப்படித் தள்ளியிருந்தால் இன்று நமக்கு வத்தக்குழம்பு இல்லை. போங்கள், சாப்பிடுங்கள். கொஞ்சம் கவனித்துப் போங்கள்.

மெனு கார்டில் மெக்சிகன், இத்தாலியன், சைனீஸ், மோமோஸ் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தால், எல்லாவற்றுக்கும் அடுப்படியில் ஒரே சாஸ்தான் இருக்கும்.

'டார்ட்டியா இங்கேயே போடுவீர்களா, பாக்கெட்டா?' என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. பாக்கெட் என்று நேர்மையாகச் சொன்னால், அதைக் கல்லில் சூடு செய்து தரச் சொல்லுங்கள். ஆறிய ரொட்டியைவிட அது எவ்வளவோ மேல்.

முதல் முறை போகிறபோது ஐந்து வகை வாங்காதீர்கள். ஒரே ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்து பாருங்கள். பிடித்தால் அடுத்தது. பெரியவர்கள் கூட வந்தால் அவர்களுக்குத் தெரிந்த சாப்பாடும் கிடைக்கிற இடமாகப் பாருங்கள்.

மயோனைஸ் விஷயத்தில் உஷார். பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸில் கிருமி சேரும் ஆபத்து இருப்பதால்தான், தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தடை செய்தது. வெயிலில் வெளியே வைத்திருக்கிற மயோனைஸை, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, தவிர்த்துவிடுங்கள்.

சாப்பாடு சரியில்லை என்றால், கோபப்படாமல் அங்கேயே சொல்லுங்கள். நாம் 'நல்லாத்தான் இருந்துச்சு' என்று சொல்லிவிட்டு வெளியே வந்தால், அடுத்து வருகிற குடும்பத்துக்கும் அதே ஆறிய சீஸ்தான்.

இரண்டாவது சம்பளம்

அடுத்த மாதச் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை, அவளே மலைக்குப் போனாள். கையில் ஒரு பை. அதில் ஆறு மக்காச்சோளக் கதிர், தக்காளி, எலுமிச்சை, கொத்தமல்லி, கால் கிலோ ராஜ்மா. கூடவே அரை கிலோ மக்காச்சோள மாவு. எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள்.

"மறுபடியும் அந்தச் சாப்பாடா?" என்று ஆயா முகத்தைச் சுளித்தார்.

"ஒரு தடவ பாரு ஆயா."

தக்காளி, பச்சை மிளகாய், பூண்டு மூன்றையும் விறகு அடுப்புத் தணலில் தோல் கருகும் வரை சுட்டாள். சுட்டதை ஆயாவிடம் கொடுத்தாள். ஆயா அம்மியில் வைத்து உப்புப் போட்டு ஒன்றிரண்டாக நசுக்கினார். வெங்காயமும் கொத்தமல்லியும் நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்தார்கள். மெக்சிகோவில் இதற்கு சல்சா என்று பெயர். ஆயா ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "இது சுட்ட தக்காளித் தொவையல்டி, இதுக்கா காசு வாங்கினான்?" என்றார்.

ராஜ்மா முதல் நாளே அம்மாவிடம் போனில் கேட்டு, அறையிலேயே ஊறவைத்துக் கொண்டுவந்திருந்தாள். நன்றாகக் குழைய வேகவைத்து, வெங்காயத்தோடு வதக்கி மசித்தாள். மக்காச்சோள மாவில் சுண்ணாம்புப் பக்குவம் கிடையாது. அதனால் கொதிக்கிற தண்ணீர் விட்டு, கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்துப் பிசைந்தாள். பஞ்சாபில் சோள ரொட்டிக்கும் சுடுதண்ணீர்தான். முதல் இரண்டு பிய்ந்தது. மூன்றாவதிலிருந்து அம்மா வாங்கி, கேழ்வரகு அடை தட்டுகிற மாதிரி ஈரத் துணியில் தட்டிக் கல்லில் போட்டார். அது பிய்யவில்லை.

கதிர்களைத் தம்பி தணலில் சுட்டான். உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சை மூடியில் தொட்டுத் தேய்த்தான். சுற்றுலா இடங்களில் நாம் எல்லோரும் வாங்கிச் சாப்பிடுகிற அதே சோளம். மெக்சிகோ தெருக்களிலும் சோளத்துக்கு மிளகாயும் எலுமிச்சையும்தான் ஜோடி. இத்தனை நாளாக நாம் நல்ல மெக்சிகன் சாப்பாட்டை முப்பது, நாற்பது ரூபாய்க்குச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறோம். பெயர்ப் பலகை இல்லாததால் தெரியவில்லை.

கூடவே ஒரு சட்டியில் சாமைச் சோறும் இருந்தது. ரொட்டி தீர்ந்த பிறகு, மிச்சத் துவையலைச் சாமைச் சோற்றில் பிசைந்து பார்த்தவர் அப்பாதான்.

"நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் போடு கண்ணு" என்றார்.

இந்த முறை 'தான்' இல்லை. அவள் அதைக் கவனித்தாள்.

திங்கட்கிழமை விடிகாலை முதல் பஸ்ஸில் வேலைக்குக் கிளம்பியபோது, அவள் பையில் டிபன் பாக்ஸ் கனத்தது. உள்ளே சாமைச் சோறு; ஓரத்தில் சுட்ட தக்காளித் துவையல். மதியம் யாராவது, 'இது என்ன?' என்று கேட்பார்கள். கேட்கட்டும். சொல்வதற்கு இப்போது அவளிடம் ஒரு கதை இருக்கிறது.